வாத்துக்குஞ்சுகளுக்கு ஆன்ட்டி எழுதித் தந்த தாள்

வாத்துக்குஞ்சுகளைத் தண்ணீரில் விட்டது தெரியாமல் செய்த தவறு என்று வெகுகாலம் சொல்லிவந்தேன். தெரியாமல் செய்ததுதான். ஆனால் தெரியும் என்று சொல்லிவிட்டுச் செய்தது.

வடக்கே தலைநகரில், மயூர் விஹாரில் ஒரு குடியிருப்பின் வாசலில் அப்பா துணி தேய்த்துக்கொண்டிருந்தார். கரி இஸ்திரிப்பெட்டி, ஒரு மேஜை, மேலே தார்ப்பாய். அம்மா உள்ளே நான்கு வீடுகளில் வேலை செய்தாள். இருவருக்கும் எழுத்து தெரியாது. நான் தமிழ்ப் பள்ளியில் மூன்றாவது படித்தேன். ஆகவே மருந்துச் சீட்டிலிருந்து ரேஷன் கடைப் பலகைவரை எங்கள் குடும்பத்துக்கு நான்தான் கண்.

இரண்டாவது மாடி ஆன்ட்டிக்கு வங்கியில் வேலை. அவர் பையன் அடம்பிடித்து வாங்கிய ஐந்து வாத்துக்குஞ்சுகள், அவர்கள் பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பியபோது எங்களிடம் வந்தன. அந்தக் குளிரில் நாள் முழுக்க நெருப்பு இருக்கும் இடம் அப்பாவின் மேஜையடிதானே. ஆன்ட்டி ஒரு முழுத்தாளில் தமிழில் எழுதி என் கையில் தந்தார்.

"கண்ணா, அப்பாவுக்குப் படிச்சுச் சொல்லுடா" என்றுவிட்டு வண்டியேறினார்.

நான் படித்ததெல்லாம் அச்செழுத்து. ஆன்ட்டியின் கையெழுத்தோ ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து ஓடியது. முதல் இரண்டு வரிகளை எப்படியோ எழுத்துக்கூட்டிவிட்டேன்: சோற்றைக் குழைய மசித்து அவித்த முட்டையின் மஞ்சள் கருவைக் கலந்து கொடுக்க வேண்டும், தின்னும்போது பக்கத்தில் குடிக்கத் தண்ணீர் இருக்க வேண்டும். அதற்குமேல் ஓடவில்லை.

"அவ்ளோதானா? தாள் பூரா எழுதியிருக்காங்களே?" என்றார் அப்பா.

தேய்த்த துணியை வாங்க வந்த டிரைவர் மாமா வேறு பார்த்துக்கொண்டிருந்தார். என் பாடப்புத்தகத்தில் வாத்து நீந்திக்கொண்டிருக்கும் படம் நினைவுக்கு வந்தது.

"மத்தியானம் தண்ணியில நீந்த விடணும்னு போட்டிருக்குப்பா."

"இந்தக் குளிர்லயா?"

"எழுதினவங்களுக்குத் தெரியாதா? நீ தேய்க்கிற வேலயப் பாரு" என்று அம்மா டப்பில் தண்ணீர் நிரப்பினாள்.

ஒரு சுற்று நீந்தின. நான் கைதட்டினேன். தாய் வாத்தோடு வளராத குஞ்சுக்கு மேலே எண்ணெய்ப் பசை இருக்காது, நனைந்தால் பஞ்சுபோல் ஊறிவிடும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? சொல்ல வேண்டியவன் நான். சற்று நேரத்தில் ஒன்று தலையைச் சாய்த்தது. பார்த்தால் ஐந்தும் ஈரத் துணியாய்த் துவண்டிருந்தன.

"ஜல்தி எடுடா! போச்சு, அந்த வீட்டு வேல போச்சு!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அப்பா ஒரு பழைய துணியைத் தேய்த்துச் சூடாக்கி அவற்றைச் சுற்றினார். அது ஆறுவதற்குள் இன்னொன்று. நடுவில் என்னைப் பார்த்துக் கத்தினார்: "நிக்கிறியே, அடுத்து என்னா செய்யணும்னு தாளைப் பாருடா!"

முன்பு படித்த இரண்டு வரிகளும்கூடக் கண்ணீரில் மங்கித் தெரிந்தன. "சூடு... சூடு குடுக்கணுமாம்பா."

"அதத்தானடா செய்றேன்!"

ஒரு மணி நேரம் இருக்கும். முதல் குஞ்சு கீச்சென்றது. பிறகு மூன்று. கடைசிக் குஞ்சு மட்டும் அப்பாவின் ஸ்வெட்டருக்குள் வெகுநேரம் கிடந்து, அவர் மார்பைக் கொத்திய பிறகுதான் அம்மா உட்கார்ந்தாள். நான் ஓவென்று அழுதேன். அப்பா டிரைவர் மாமாவிடம் பெருமையாகச் சொன்னார்: "சூடு குடுக்கணும்னு எழுதியிருக்கு. பையன் கரெக்டா படிச்சான்."

ஆன்ட்டி திரும்பி வந்த அன்று ஐந்தும் அவர் காலடியில் ஓடின. அப்பாவுக்கு மறைக்கத் தெரியாது. "நீங்க எழுதினாப்பல தண்ணியில விட்டோம் மேடம். தாங்கல. எப்படியோ பொழச்சிருச்சு."

ஆன்ட்டி தாளைக் கேட்டு வாங்கினார். இறகு முளைக்கும்வரை தண்ணீரில் விடவே கூடாது என்று அதன் மூன்றாவது வரியில் அடிக்கோடிட்டு எழுதியிருந்ததை, ஆறாவது வந்த பிறகுதான் நான் படித்தேன். ஆன்ட்டி வந்த அன்றோ துணிமூட்டைக்குப் பின்னால் மூச்சுவிடாமல் நின்றேன். அவர் மேலிருந்து கீழ்வரை படித்தார். என்னைப் பார்த்தார். தாளை மடித்து என்னிடமே தந்தார்.

"ஆமாங்க, நான்தான் தப்பா எழுதிட்டேன்."

"பரவால்ல மேடம், மனுசங்கன்னா தப்பு வர்றதுதான்" என்று அப்பா பெருந்தன்மையாக மன்னித்துவிட்டார்.

எனக்குப் போன உயிர் வந்தது. பெரியவர்கள், தாங்கள் எழுதியதையே மறந்துவிடுவார்கள் போலிருக்கிறது! அதற்குப் பிறகு காய்கறி வாங்க என் அம்மாவிடம் அவர் கொடுத்தனுப்பிய சீட்டுகளில் ஒவ்வொரு எழுத்தும் பெரிதாக, தனித்தனியாக, புத்தகத்தில் இருப்பதுபோல் நின்றது. ஒன்றுவிடாமல் கடகடவென்று படித்துக் காட்டிவிட்டு அம்மாவிடம் சொன்னேன்:

"ஆன்ட்டி கையெழுத்து இப்பதான்மா திருந்தியிருக்கு."