கரிச்சாக்கின் மேல் கொஞ்ச நேரம்

இன்று விராலிமலையிலிருந்து புதுக்கோட்டைக்குத் திரும்பும்போது, அன்னவாசல் தாண்டியதும் பஸ் நின்றுவிட்டது. யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடுகிற வண்டி. நிற்பது புதிதில்லை.

"அடுப்பு அணைஞ்சு போச்சுங்க. எறங்கி நெழலுல உக்காருங்க" என்றார் கண்டக்டர்.

புடவை மண்ணாகுமே என்று தயங்கினேன். காலிக் கரிச்சாக்கு ஒன்றை மடித்துப் புளியமரத்தடியில் போட்டார். சம்மணமிட்டு உட்கார்ந்தேன்.

தினமும் விடியலில் தியானத்துக்கு உட்காருகிறவள் நான். முதுகை நிமிர்த்தினால் முழங்கால் தூக்கும். முழங்காலை அழுத்தினால் இடுப்பு வலிக்கும். ஆண்டவனை நினைக்க வேண்டிய நேரமெல்லாம் என் கால்களை நினைத்தே போய்விடும்.

இன்று அந்தச் சாக்கின் உயரத்துக்கு முழங்கால்கள் தாமாகத் தரையில் படிந்தன. முதுகு தானாக நிமிர்ந்தது. கால் இருப்பதே மறந்துபோனது. மூச்சு வருவதும் போவதும் மட்டும் தெரிந்தது.

"அம்மா, எல்லாரும் ஏறியாச்சு. நீங்கதான் பாக்கி, வாங்க!"

வீட்டுக்கு வந்ததும் தலையணையை மடித்துப் போட்டு, அதேபோல் உட்கார்ந்தேன். கண்ணை மூடக்கூட இல்லை, அதற்குள் "புடவை பின்னாடி என்ன இம்புட்டுக் கரி?" என்று மாமியார் வந்துவிட்டார்.

மனசு இன்னும் அந்த மரத்தடியிலேயே கிடக்கிறது.

நாளைக்கு எந்த பஸ் நடுவழியில் நிற்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். முதல் டிக்கெட் நான் வாங்கிக்கொள்கிறேன்.