ஹாம்பர்க்கிலிருந்து ஆனையூர் வரை

காலை ஆறு மணிக்கு மதுரை ஜங்ஷனில் இறங்கினோம். சென்னையிலிருந்து எனக்கு ஏறத்தாழ ஐந்நூறு கிலோமீட்டர். கூட வந்த யோனாஸுக்கு அதற்கு முன்னால் ஹாம்பர்க்கிலிருந்து இரண்டு விமானங்கள். எங்களோடு ஐந்து வருடம் ஒரே குழுவில் இருந்த செந்தில் மாரடைப்பில் போய் மூன்று மாதமாகிறது. ஆனையூர் வீட்டு மாடியிலிருந்தே வேலை பார்த்தவன். இருவருமே அவனைத் திரையில் மட்டும்தான் பார்த்திருக்கிறோம். செய்தி வந்த அன்று நான் கைகூப்பும் எமோஜி ஒன்றை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு அடுத்த மீட்டிங்குக்குப் போய்விட்டேன். கடல் தாண்டி ஒருவன் கிளம்பி வந்த பிறகுதான் எனக்கு வெட்கம் வந்தது.

குளித்து, சாப்பிட்டு, ஒன்பது மணிக்கு ஆட்டோ பிடித்தோம்.

"ஆனையூருக்கா? முந்நூறு குடுங்க சார்."

"எட்டு கிலோமீட்டருக்கா?"

"வெள்ளைக்காரர இம்புட்டு தூரம் கூட்டியாந்துட்டு அம்பது ரூவாய்க்குப் பாக்குறீகளே."

துக்கம் கேட்கப் போகிறோம் என்றேன். அவர் வண்டியைக் கிளப்பினார். இறங்கும்போது இருநூறு போதும் என்றார்.

வழியில் யோனாஸுக்கு ஆங்கிலத்தில் பாடம் எடுத்தேன். வாங்க என்று யாரும் கூப்பிட மாட்டார்கள், தப்பாக நினைக்காதே. கிளம்பும்போது நாமும் வருகிறேன் என்று சொல்லக்கூடாது, பேசாமல் எழுந்து வந்துவிட வேண்டும்.

"சொல்லாமல் போவது மரியாதைக் குறைவில்லையா?" என்றான்.

"துக்கம் திரும்பி வந்துவிடக்கூடாது, அதற்காக."

அதை போனில் குறித்துக்கொண்டான்.

செந்திலின் அப்பா இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைக் காட்டினார். சுவரில் மாலை போட்ட படம், கீழே அலமாரியில் அவனுடைய ஹெட்போன். அம்மா நிலைப்படியில் சாய்ந்து நின்றார்.

"யோனாசு இவருதானா? சாயங்காலமானா மாடியில இவரு பேருதான் கேக்கும்," என்றார் அப்பா.

நான் என் பெயரைச் சொன்னேன். அவருக்குத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? வேலைப் பேச்சு முடிந்ததும் முதலில் அழைப்பைத் துண்டிக்கிற ஆள் நான். மற்றவர்கள் அதன் பிறகு என்ன பேசினார்கள் என்பதே எனக்குத் தெரியாது.

முக்கால் மணி நேரம் மொழிபெயர்த்தேன். பிறகு கண் காட்டிவிட்டு எழுந்தேன். யோனாஸும் எழுந்தான். அப்பாவைப் பார்த்துக் கைகூப்பி, நல்ல மதுரைத் தமிழில் சொன்னான்:

"சரி, வாரேன் மாப்ள."

ஐந்து வருடமாகத் தினமும் அழைப்பை முடிக்கும்போது செந்தில் அவனிடம் சொன்னது அது என்று பிறகு அவன் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. விடைபெறத் தமிழில் அவனுக்குத் தெரிந்ததும் அது ஒன்றுதான். வாய் பழகியிருந்தது. சொன்ன பிறகுதான் என் பாடம் நினைவுக்கு வந்து முகம் சிவந்துபோனான். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

"மன்னிச்சுக்கங்கய்யா, இவருக்கு நம்ம வழக்கம்..." என்று நான் ஆரம்பித்தேன்.

அம்மா கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"எம் மகன் இழுக்குற மாதிரியே இழுக்குறாரு. இன்னொருக்கச் சொல்லச் சொல்லுங்க தம்பி."

யோனாஸ் மறுபடி சொன்னான். இந்த முறை குரல் உடைந்தது.

"சரிய்யா," என்றார் அம்மா, படத்தைப் பார்த்துக்கொண்டு. "பாத்துப் போயிட்டு வா."

அந்த வீட்டுக்குத் திருப்பிக் கொடுக்க என்னிடம் செந்திலின் ஒரு சொல்கூட இல்லை. வழக்கம் தெரிந்தவன் நான். ஒன்றும் சொல்லாமல் படியிறங்கினேன்.