காலித் தட்டு திரும்பாத தெரு

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புகளை ஒட்டிய அந்தத் தெருவில் சுகரா பேகத்தின் குரலுக்கு அடங்காதவர் கிடையாது. அவள் புருஷன் இஷ்தியாக் அகமது ஷாப்பில் மேஸ்திரி. பகலெல்லாம் ஆட்களை விரட்டி வேலை வாங்குகிற மனுஷர், வீட்டு வாசலில் மட்டும் செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றுவார். தனக்குப் பிள்ளை இல்லையே என்று சுகரா ஒருநாளும் மூக்கைச் சிந்தியதில்லை. யாராவது பரிதாபப்பட்டால், "எனக்கா புள்ள இல்ல? காலையில வந்து பாருங்க, கூடம் நெறைஞ்சி கெடக்குது" என்பாள்.

அது உண்மைதான். தெருவிலுள்ள சின்னப் பிள்ளைகள் எல்லாம் காலையில் அவளிடம்தான் குர்ஆன் ஓத வந்தார்கள். அதனால் பெரியவர்கள்கூட அவளை உஸ்தானி என்றே கூப்பிட்டார்கள். எழுத்தை எப்போது வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம், மனசைச் சின்ன வயசிலேயே வளைக்க வேண்டும் என்பது அவள் கட்சி. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? ரம்ஜான் வந்தால் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்துச் சொல்வாள்: "உங்களுக்கு நோன்பு வைக்கிற வயசு வர்ல. குடுக்கிற வயசு வந்தாச்சி. சாயந்திரம் அவங்கவங்க வீட்லேருந்து ஒரு தட்டு எடுத்துக்கினு, இல்லாதவங்க வீட்டுக்குப் போவணும். சிந்தாம போவணும், சிரிச்சிக்கினு குடுக்கணும்."

பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய விளையாட்டு வேண்டுமா? ரம்ஜான் மாதம் முழுக்க, நோன்பு திறக்கிற மஃரிப் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், பூவேலைத் துணி மூடிய தட்டுகள் அந்தத் தெருவில் அங்கும் இங்கும் நடந்துகொண்டே இருக்கும். தட்டுக்குக் கீழே இரண்டு சின்னக் கால் மட்டும்தான் தெரியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டில் ரம்ஜான் மாசி மாதத்தில் வந்தது. அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் கடைசி வீட்டு ஹலீமா பீயின் புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்திருந்தான். ஹலீமாவுக்கு முப்பது வயசுகூட ஆகவில்லை. தொழுகைத் தொப்பி தைப்பாள், இரண்டு கோழி வைத்திருந்தாள். தொப்பியும் முட்டையும்தான் அவளுக்கும் மகள் சைராவுக்கும் சோறு போட்டன. ஏழு வயசு சைராவும் சுகராவிடம்தான் ஓதினாள், நன்றாகவே ஓதினாள்.

சுகரா யோசிக்கவே இல்லை. "இந்த வருஷம் எல்லாத் தட்டும் ஹலீமா வீட்டுக்குத்தான்" என்று உத்தரவு போட்டுவிட்டாள். வீட்டுக்கு வீடு முறை வைத்துத் தினம் இரண்டு தட்டு, சில நாள் மூன்று. வடை போயிற்று, சமோசா போயிற்று, பேரீச்சம்பழம் போயிற்று. மண்டிக்காரர் பேரன் நயீம் தன் தலையைவிடப் பெரிய தட்டைத் தூக்கிக்கொண்டு போனான். சுகரா வாசலில் நின்று பார்த்துப் பூரித்துப்போனாள். பூரிப்பு கண்ணை மறைக்கும் என்பது அவளுக்கு அப்போது தெரியவில்லை.

நோன்பு பாதி கழிந்தபோது சைரா ஓத வருவதை நிறுத்தினாள். ஒரு நாள் போனது, இரண்டு நாள் போனது. "காய்ச்சலா?" என்று சுகரா பிள்ளைகளைக் கேட்டாள்.

"இல்ல உஸ்தானி, நல்லாத்தான் இருக்குது. நேத்து தட்டு எடுத்துக்கினு போனேனே, அதுதான் கதவத் தொறந்திச்சி" என்றான் நயீம். பெருமை தாங்காமல் மேலும் சொன்னான்: "ஹலீமா காலா என் தட்டுல இன்னா வெச்சி அனுப்பினாங்க தெரியுமா? கோழிக் கறி!"

"எனக்கு முட்டை குடுத்தாங்க" என்றாள் இன்னொருத்தி.

"எனக்கும் கோழிதான். அது முந்தாநாளு."

சுகரா கையிலிருந்த பிரம்பைக் கீழே வைத்தாள்.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம் இருந்தது. யார் எப்போது போட்ட சட்டமோ, எந்த வீட்டிலிருந்து தட்டு வந்தாலும் அதைக் காலியாகத் திருப்பி அனுப்பக் கூடாது. ஒன்றுமில்லாவிட்டால் ஒரு கை சர்க்கரையாவது வைக்க வேண்டும். காலித் தட்டு போனால் அந்த வீட்டு மானம் தட்டோடு போயிற்று. மூச்சு விடுவது மாதிரி எல்லோருக்கும் தெரிந்த சங்கதி, அதனாலேயே யாரும் அதை நினைத்துப் பார்க்கவில்லை. தட்டு தட்டாக அனுப்பிய சுகரா, திரும்பி வந்த தட்டில் என்ன இருந்தது என்று ஒரு நாளாவது கேட்டாளா? முதலில் சர்க்கரை தீர்ந்திருக்கிறது. அப்புறம் விற்க வேண்டிய முட்டை. அப்புறம் முட்டையிடுகிற கோழிகளே. ஒரு ஏழை வீட்டுக்கு உதவி செய்கிறேன் பேர்வழி என்று, பத்து வீட்டுப் பிள்ளைகளை விட்டு அந்த வீட்டைத் துடைத்து எடுத்திருக்கிறாள் உஸ்தானி!

அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனால் கூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஜாதி இல்லை அவள். தட்டுதானே வம்பு? தட்டே வேண்டாம். அன்று சாயந்திரம் வாழை இலையில் பலகாரத்தைப் பொட்டலம் கட்டி, தானே எடுத்துக்கொண்டு போனாள். இலையைத் திருப்பித் தர வேண்டியதில்லை அல்லவா, காரியம் முடிந்தது என்று நினைத்தாள்.

ஹலீமா கதவைப் பாதிதான் திறந்தாள். முற்றத்துக் கோழிக்கூடு காலியாகக் கிடந்தது. இலைப் பொட்டலத்தைப் பார்த்ததும் அவள் முகம் சுண்டிப்போயிற்று.

"எலையில வாங்க நான் இன்னா ஃபக்கீரா, ஆபா?"

"ஐயோ, அப்பிடி இல்ல ஹலீமா..."

"அவரு இருந்தப்ப இந்த வீட்லேருந்து ஒரு தட்டு காலியா போனதில்ல. இப்பவும் போவல. ஆனா பசங்க சைராகிட்ட, 'எங்க வீட்டு சமோசா நல்லா இருந்துச்சா, எங்க வீட்டு வடை நல்லா இருந்துச்சா'ன்னு தெனம் கேக்குதுங்க. அது ராத்திரி வந்து அழுவுது. அதான் ஓத அனுப்பல. கோச்சிக்காதீங்க."

மரியாதையாகத்தான் சொன்னாள். கதவையும் மெதுவாகத்தான் சாத்தினாள். ஓங்கிச் சாத்தியிருந்தால் சுகராவுக்கு இவ்வளவு வலித்திருக்காது. பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்து அழுதாள். தெருவே பயப்படுகிற உஸ்தானி அழுவதைப் பார்த்து இஷ்தியாக் அகமது நோன்புக் கஞ்சியைக் கீழே வைத்துவிட்டார். ஏதாவது பேச வேண்டுமே என்று அவர் கஞ்சியைப் பார்த்துச் சொன்னார்: "இதுக்கு ஹலீமா அரைக்கிற புதினாத் துவையல் இருந்தா எப்பிடி இருக்கும்! இந்த வருஷம் யாரும் கேக்கவே இல்ல போல."

சுகரா நிமிர்ந்தாள்.

போன வருஷம் வரைக்கும் அந்தத் துவையலுக்குத் தெருவே அடித்துக்கொண்டது. புருஷன் போனதிலிருந்து ஒருத்தரும் கேட்கவில்லை. பாவம், அவளிடம் போய்க் கேட்பதா என்று எல்லோரும் நல்ல மனசோடு வாயை மூடிக்கொண்டார்கள். எல்லோரும் கொடுத்துக் கொடுத்தே அவளை வாங்குகிறவளாக ஆக்கிவிட்டார்கள்.

மறுநாள் காலையில் நயீமைக் கூப்பிட்டாள். "ஹலீமா காலா வீட்டுக்குப் போ. கொல்லையில புதினா இருக்குது இல்ல, உஸ்தானிக்கு உங்க கையால அரைச்ச துவையல் வேணுமாம்னு கேளு."

நயீம் தட்டைத் தேடினான்.

"தட்டு வேணாம். கிண்ணமும் வேணாம். வெறுங்கையோட போ."

"வெறுங்கையோட போயி கேக்கிறதா? எனக்கு வெக்கமா இருக்குது உஸ்தானி."

"இருக்குது இல்ல? அந்த வெக்கம் இன்னான்னு நல்லா ஞாபகம் வெச்சிக்க. அடுத்தவங்களுக்குக் குடுக்கிறப்ப அது உனக்கு வேணும்" என்றாள் சுகரா. பிறகு எல்லாப் பிள்ளைகளையும் பார்த்துச் சொன்னாள்: "குடுத்தத இனிமே வாயால சொல்லக் கூடாது. சொன்னா அது குடுத்ததாவே ஆவாது. இத உங்களுக்கு நான் மொதல்லயே சொல்லியிருக்கணும்."

சாயந்திரம் வந்தது. கஞ்சி இறக்கியாயிற்று, பேரீச்சம்பழம் எடுத்து வைத்தாயிற்று. சுகரா வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தாள். ஹலீமா துவையல் அனுப்பாவிட்டால் அந்தக் கதவு இனி திறக்காது என்று அவளுக்குத் தெரியும்.

பள்ளிவாசலில் பாங்கு சொல்வதற்குச் சற்று முன்னால் தெருவில் இரண்டு சின்னக் கால்கள் வந்தன. சைரா! கையில் மூடி போட்ட ஒரு பித்தளைக் கிண்ணம்.

"அம்மி குடுத்தாங்க" என்றாள் சைரா. பாடம் ஒப்பிக்கிற மாதிரி நேராக நின்று மேலும் சொன்னாள்: "கிண்ணம் எங்க வீட்டுதாம். மறக்காம திருப்பி அனுப்பணுமாம். எங்க வீட்டுக் கிண்ணமும் காலியா திரும்பாதுன்னு அம்மி சொன்னாங்க."

சுகரா அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். துவையல் சேலையில் கொட்டியதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை.

மறுநாள் கிண்ணம் திரும்பிப் போயிற்று. அதில் விளிம்பு வரைக்கும் கம்பு இருந்தது. கிண்ணத்தை நயீம் தூக்கிக்கொண்டு போக, பின்னால் சுகராவே நடந்தாள். அவள் கக்கத்தில் ஒரு கோழி, இன்னொரு கக்கத்தில் இன்னொரு கோழி.

ஹலீமா இந்த முறை கதவை முழுசாகத் திறந்தாள். கம்பைப் பார்த்தாள், கோழிகளைப் பார்த்தாள்.

"கிண்ணத்துல இருக்கிறதுதான் உனக்கு. இதுங்க அதத் தின்ன வந்துச்சிங்க" என்றாள் சுகரா.

புருஷன் போன பிறகு முதல்முறையாக ஹலீமா சிரித்தாள். "உள்ள வாங்க ஆபா. எது திங்குதோ அது இங்கயே இருக்கட்டும்" என்று சொல்லி, கூட்டின் கதவைத் திறக்கப் போனாள்.