தமிழ் வினாடி

ஒஸ்லோவில், ரொம்மனில் எங்கள் வீட்டுக்கு முப்பத்தெட்டுப் படிகள். சென்ற யூன் மாதம் மகள் ஜெசிந்தா அவற்றில் ஏறிவந்து நான்கு மிதவை அங்கிகளைக் கூடத்தில் போட்டாள். ரப்பரும் உப்பும் கலந்த வாசனை.

"அப்பா, கிரேக்கத்தில பாய்ப்படகு ஒண்டு வாடகைக்கு எடுத்திருக்கிறம். நீங்களும் வாறீங்கள்."

"நான் ஏன் பிள்ளை?"

"உங்கடை கடல் கதையை முப்பது வருஷமாக் கேட்டாச்சு. ஒருக்கா வந்து காட்டுங்கோ."

முப்பத்தொன்று என்று திருத்தினேன். அவள் பொருட்படுத்தவில்லை.

அந்த வாசனைதான் என்னைக் கிரேக்கத்தின் பிரேயஸ் துறைமுகத்துக்கு இழுத்துப் போனது. கப்பல் வேலை போய், பதினொரு பேர் படுக்கும் அறையில் நானும் மன்னார் ஜேசுதாசனும் கிடந்த காலம். ஓய்வுபெற்ற நோர்வேக் கப்டன் ஒருவர் தன் பாய்ப்படகுக்கு இரண்டு பேர் தேடினார். ஜேசுதாசன் சமையல். நான் கணக்கில் அதிதிறமைச் சித்தி பெற்றவன் என்று சொல்லிக்கொண்டதால் வெளிச்சவீடுகளை என்னிடம் தந்தார்.

அப்போது திசைகாட்டும் திரை எல்லாம் இல்லை. ஒவ்வொரு வெளிச்சவீடும் எத்தனை வினாடிக்கு ஒருமுறை மின்னுகிறது என்று எண்ணி, வரைபடத்தில் பார்த்துத்தான் அது எது என்று அறியவேண்டும். மணிக்கூடு பார்க்க ரோச் லைற் அடித்தால் கண் கூசித் தூரத்து வெளிச்சம் தெரியாது. ஆகவே மனதுக்குள் எண்ணுவேன்.

முதல் வாரமே, பொழுதுபட்டு இருட்டும் நேரம், கடல் குழம்பியிருந்தது. தூரத்தில் ஒரு வெளிச்சம்.

"எத்தனை எண்ணினாய்?" கப்டன் கேட்டார்.

மூன்றுமுறை எண்ணிவிட்டுத்தான் சொன்னேன். "பதினைந்து."

பதினைந்து என்றால் பாறை முனை. பத்து என்றால் துறைமுகம். கப்டன் சுக்கானை வெளிக்கடலுக்குத் திருப்பினார். விடியும்வரை அலை எங்களைத் தூக்கிப் போட்டது. ஜேசுதாசன் ஒன்பது தரம் வாந்தியெடுத்தான். எண்ணினேன் என்று அவனிடம் சொன்னதும் தவறு. விடிந்ததும் பார்த்தால், நாங்கள் போகவேண்டிய துறைமுகம் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"உமக்குக் கணக்குப் படிப்பிச்ச மனுசன் இன்னும் உயிரோடை இருக்கிறாரோ?" என்றான் ஜேசுதாசன். "இருந்தா இதைச் சொல்லிப்போடாதையும்."

கரையில் இறக்கிவிட்டால் எனக்கு விசாவும் இல்லை, போக இடமும் இல்லை. இருந்த மூன்று சேட்டுகளையும் பையில் அடுக்கினேன். கப்டன் கூப்பிட்டு, மணிக்கூட்டைக் கையில் வைத்துக்கொண்டு "எண்ணு" என்றார். நான் பதினைந்தில் நின்றபோது முள் பத்து வினாடிதான் நகர்ந்திருந்தது. அப்பாவின் தேங்காய்க் கடையில் வேகமாக எண்ணிப் பழகியவன் நான். மற்றவர்களின் வினாடி ஓடும் வேகத்தை நான் எங்கே கண்டேன்?

அவர் திட்டவில்லை. வரைபடத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதினார்: தமிழ் வினாடி மூன்று = வினாடி இரண்டு. அதன்பின் நான்கு கோடைகள் நான் பதினைந்து என்றால் "அப்ப பத்து" என்பார். மெதுவாக எண்ணு என்று ஒருநாளும் சொன்னதில்லை. கடைசியில் என்னை ஒஸ்லோவுக்குக் கூட்டிவந்ததும் அவர்தான்.

மகளோடு போனேன். ஒஸ்லோவின் குறொன்லாண்ட் கடையில் வாங்கிய இஞ்சி ரொபி மூன்று பக்கற், வாந்திக்குக் குளிசை நாற்பத்திரண்டு. இன்றைய படகில் குளிர்சாதனப் பெட்டி உண்டு, குளிக்க நல்ல தண்ணீர் உண்டு. துறைமுகத்தில் நிறுத்த இடம் போனிலேயே பதிவாகிவிடுகிறது. காகித வரைபடத்தைத் தேடினேன், இல்லை. ஜேசுதாசன் இப்போது நோர்வேயிலேயே ஸ்தவாங்கர் நகரில், முழங்கால் நோவோடு. கப்டனைப் புதைத்துப் பன்னிரண்டு வருஷம்.

இரண்டாம் நாள் பின்னேரம், சுக்கானில் ஜெசிந்தா. முனையில் ஒரு வெளிச்சம். வாய் தானாக எண்ணத் தொடங்கியது. அவளுடைய திரையில் அந்த வெளிச்சத்துக்குப் பக்கத்தில் பத்து என்று போட்டிருந்தது. எனக்குப் பதினைந்து வரவேண்டும். பத்து வந்தது. ஐந்துமுறை எண்ணினேன். ஐந்துமுறையும் பத்து. வயது போகப்போக நானும் மெதுவாகிவிட்டேன் போலும்.

"பத்து" என்றேன்.

"ஓமப்பா, இஞ்சை போட்டிருக்கு" என்றாள், திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.

என் எண்ணிக்கையை இனி ஒருவரும் மாற்றிப் பார்க்க வேண்டியதில்லை.