பின்னால் நின்றவள் சொன்ன பேர்

ஸ்டாம்ப் பேடு மையின் வாசம் இன்னும் மூக்கிலேயே இருக்கிறது...

கைநாட்டு வைத்த உடனே பெண்கள் கட்டைவிரலைத் தலைமுடியில் தேய்த்துத் துடைத்துக்கொள்வார்கள். எண்ணெய்ப் பிசுக்கோடு மை போய்விடும். துடைக்கவென்று ஒரு துணி வைத்திருந்தோம். அதை ஒருத்தரும் தொட்டதில்லை.

எழுபதுகளின் நடுவில், மலையாள எல்லைக்குள் இருக்கும் கொல்லங்கோட்டில் ஒரு சின்ன வங்கிக் கிளை. அரிசி மண்டிக்கு மேல்மாடி. ஃபேன் போட்டால் தவிட்டுத் தூசி லெட்ஜர் மேல் வந்து உட்காரும். நான் கிளார்க். வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம். ஆறு மாதம் ஒழுங்காக ஓட்டினால்தான் நிரந்தரம். என் சம்பளத்தை நம்பி வீட்டில் மூன்று பேர் இருந்தார்கள்.

அந்த வாரம் வட்டி எழுதுவதற்காக எல்லோருடைய பாஸ்புக்கையும் நாங்களே வாங்கி வைத்திருந்தோம். வருகிறவர்கள் பேரைச் சொன்னால் லெட்ஜரைப் பார்த்துப் பணம் கொடுப்போம். எங்கள் பக்கம் எங்கே திரும்பினாலும் ஒரு மாராத்தாள் இருப்பார். அதனால் வீட்டுக்காரர் பேரையும் கேட்கவேண்டும்.

அங்கேதான் வம்பு. புருஷன் பேரை வாயால் சொல்லமாட்டார்கள்... சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு சிரிப்பார்கள். வரிசையில் பின்னால் நிற்கிறவள் எடுத்துச் சொல்வாள். எனக்கு உள்ளுக்குள் ஒரே கிண்டல். நாமாக இருந்தால் பளிச்சென்று சொல்லிவிட மாட்டோமா என்று நினைத்துக்கொள்வேன்.

அன்றைக்கும் ஒரு மாராத்தாள் வந்து இருநூறு ரூபாய் கேட்டார். வீட்டுக்காரர் பேரைக் கேட்டேன், சிரித்தார். பின்னால் நின்றவள், "ராசுன்னு எழுதிக்குங்க அம்மிணி" என்றாள். லெட்ஜரில் 'மாராத்தாள், க/பெ ராசு' என்று இருந்தது. கைநாட்டு, டோக்கன், பணம்... முடிந்தது.

மறுநாள் வேறொரு மாராத்தாள் வந்தார். லெட்ஜரில் இருந்த ராசுவின் மனைவி இவர்தான். பணம் எடுக்கப் பார்த்தால் கணக்கில் ஒன்றும் இல்லை.

"மாடு வாங்கச் சேத்துன காசுங்க. சந்தைக்கு இன்னும் ரெண்டு நாளுத்தான் இருக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை.

பாஸ்புக் அடுக்கைக் கலைத்துப் பார்த்து, வரிசையில் நின்றவர்களிடமும் விசாரித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. முதல் நாள் வந்தவர் கோவிந்தாபுரத்து மாராத்தாள். அவர் வீட்டுக்காரர் எங்கள் ஏட்டில் சின்னச்சாமி, ஊருக்குள் ராசு. பின்னால் நின்றவள் தனக்குத் தெரிந்த பேரைத்தான் சொல்லியிருக்கிறாள். எந்த ஊர் என்று ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை.

மேனேஜர் மலையாளி, நல்ல மனுஷர், ஆனால் ரூல் என்றால் ரூல். நாளைக் காலைக்குள் கோவிந்தாபுரத்தாரிடம் அவருடைய சொந்தக் கணக்குக்குக் கைநாட்டு வாங்கி வந்தால் சரி, இல்லையென்றால் மேலே ரிப்போர்ட் போகும் என்றார். ரிப்போர்ட் போனால் என் வேலை போன மாதிரிதான்.

நேற்றுப் பணம் எடுத்த சீட்டையும் புதுச் சீட்டு ஒன்றையும் ஸ்டாம்ப் பேடையும் பையில் எடுத்துப் போட்டுக்கொண்டேன். கேஷியர் அதுவரை என்னிடம் பத்து வார்த்தை பேசியிருக்கமாட்டார். கேஷைப் பூட்டிவிட்டு எழுந்து, "வாங்க, நானும் வர்றனுங்க" என்றார்.

மூணு மணி பஸ். கோவிந்தாபுரத்தில் இறங்கிப் பனைமரங்களுக்கு நடுவே வண்டித்தடத்தில் நடந்தோம். நிழல் விழுந்த பக்கத்தை எனக்கு விட்டுவிட்டு அவர் வெயிலில் நடந்தார். அன்றைக்கு அது எனக்கு உறைக்கவே இல்லை...

மாராத்தாள் வாசலில் கடலைக்காய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். மோர் கொடுத்தார். நடந்ததைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது.

"நேத்துத்தானுங்க கை வெச்சேன். மறுக்கா வெச்சா மறுக்காப் போயிராதுங்களா?"

அவர் கேட்டது நியாயம்தானே. கேஷியர் தரையில் குந்தி உட்கார்ந்து, நேற்றைய சீட்டையும் புதுச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மூன்று தரம் விளக்கினார். மாராத்தாள் அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"இவிய சொல்றத நம்பி வெக்கறேன். நாளைக்கு ஒண்ணுன்னா யாருன்னு வந்து கேக்கறது? இவிய பேரு என்னங்க அம்மிணி?"

கேஷியர் பேரைப் பட்டென்று சொன்னேன், இனிஷியலோடு. மாராத்தாள் அந்தப் பேரைத் தானும் ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டு விரலை நீட்டினார்.

மறுநாள் காலையிலேயே ராசுவின் மனைவி கையில் பணம் கொடுத்தோம். என் வேலையும் தப்பியது.

அடுத்த தை மாதம் எனக்கும் கேஷியருக்கும் கல்யாணம். அதற்கப்புறம் எல்லாம் "ஏனுங்க"தான்... பேர் சொல்லக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. நாக்கு தானாகவே மடங்கிக்கொண்டது. ஃபாரங்களில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். வாயால் சொன்னது கோவிந்தாபுரத்தில் அந்த ஒரு தரம்தான். அவர் விடுவாரா? "எம் பேரைக் கேக்கோணும்னா இன்னொருக்கா கோயிந்தாபுரம் போகோணுமாட்ட இருக்குது" என்று வருஷக்கணக்காகக் கிண்டல் செய்தார்.

அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது.

இப்போது வரிசையும் இல்லை, மையும் இல்லை. போன மாதம் வேறு யாருடைய கணக்கிலோ பிடிக்கவேண்டிய பணத்தை என் கணக்கில் பிடித்துவிட்டார்கள். பேங்குக்குப் போன் செய்தேன். பாட்டு முடிந்து ஒரு பெண் வந்தாள். செக்யூரிட்டிக்காகக் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு, "உங்க ஹஸ்பெண்ட் பேர் சொல்லுங்க மேடம்" என்றாள்.

வாய் திறந்தேன், வரவில்லை. என்னை அறியாமல் பின்னால் திரும்பிப் பார்த்தேன்... சாப்பாட்டு மேஜையும் அவர் நாற்காலியும்தான் இருந்தன. எடுத்துச் சொல்ல ஒருத்தரும் இல்லை. அந்தப் பெண்களைப் பார்த்து மனசுக்குள் சிரித்ததற்கு அன்றைக்கு நிஜமாகவே வெட்கப்பட்டேன்.

அப்புறம் சொன்னேன், இனிஷியலோடு.

"கரெக்ட் மேடம்" என்றாள். பணம் மூன்றாம் நாளே திரும்பி வந்துவிட்டது.

ஏனுங்க... கோயிந்தாபுரம் போகாமயே சொல்லீட்டனுங்க. கேக்கறதுக்குத்தான் நீங்க இல்லை.