பச்சை ஜீப்பில் நான் மூடிய விரிசல்

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. திருத்தணியிலிருந்து கே.ஜி.கண்டிகை போகிற சாலையில் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. ராணுவம் கழித்துவிட்ட பழைய ஜீப்புகளை ஏலத்தில் எடுத்து வந்து, அக்கக்காகப் பிரித்து, பெரிய டயர் மாட்டி, புதுப் பெயிண்ட் அடித்து விற்பார் எங்கள் முதலாளி. வாங்குகிறவர்கள் மெட்ராஸ் பணக்கார வீட்டுப் பிள்ளைகள். பாறை மேலும் ஆற்று மணலிலும் ஓட்டி விளையாடத்தான். நல்ல சாலையை விட்டுவிட்டு, சாலையே இல்லாத இடமாகத் தேடிப்போய் ஓட்டுகிறார்களே என்று நாங்கள் கேலி பேசிச் சிரிப்போம். எங்கள் வீட்டு அடுப்பு எரிந்ததும் அந்த விளையாட்டால்தான் என்பது வேறு விஷயம்.

நான் அங்கே பெயிண்டர். என் அக்கா வீட்டுக்காரர் டிரைவர். எங்கள் பக்கத்தில் அக்கா புருஷனைப் பாவா என்றுதான் கூப்பிடுவோம். ஒவ்வொரு ஜீப்பையும் மலைக்குப் பின்பக்கத்துப் பாறைச் சரிவில் ஏற்றி இறக்கிக் காட்டுவது பாவாவின் வேலை. அவர் ஸ்டீயரிங் பிடித்தால் வண்டி ஆட்டுக்குட்டி மாதிரி ஏறும்.

ஒரு நாள் மெட்ராஸிலிருந்து பெரிய பார்ட்டி வருவதாகத் தகவல் வந்தது. அவர்களுக்குப் பிடித்துவிட்டால் ஒன்றிரண்டல்ல, வரிசையாக வண்டிகளுக்கு ஆர்டர். கொட்டகை கம்பெனி ஆகிவிடும் என்று முதலாளி வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அவர்கள் வருவதற்கு முந்தின நாள், காட்ட வேண்டிய வண்டியை வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டீயரிங் பெட்டியை வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸோடு பிடித்திருக்கும் வெல்டிங்கில் தலைமுடி கனத்துக்கு ஒரு விரிசல் தெரிந்தது. மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இப்பப் போயி வெல்டிங்னா இன்ஜினை எறக்கணும்பா. நாளைக்குக் காலையில பார்ட்டி வந்து நிப்பாங்க. பட்டி போட்டு மூடு, அவங்க போனதும் பாத்துக்கலாம்" என்றார்.

மூடினேன். பள்ளம் மேடு தெரியாமல் பட்டி பார்ப்பதில் நான் கெட்டிக்காரன். மேலே இரண்டு கை பச்சைப் பெயிண்ட் அடித்தபின் விரிசல் எங்கே இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்றைக்கு அதைப் பார்த்துப் பெருமைப்பட்டேன்.

மறுநாள் மலையடிவாரத்தில் பாவா வண்டிக்குக் கற்பூரம் சுற்றினார். நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தார். பிறகு பானெட்டைத் தடவிப் பார்த்து, "என்னா மினுக்குடா! மாப்பிள்ளை கணக்கா கீது" என்று வந்தவர்கள் காதுபட என்னைப் பாராட்டினார். சொல்ல வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. அந்தப் பாராட்டைக் கேட்டதும் அடங்கிவிட்டது. ஒரு நாள்தானே, தாங்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

சரிவில் பாதி இறங்கும்போது பாவா வலப்பக்கம் ஒடித்தார். சக்கரம் கேட்கவில்லை. வண்டி பாறையில் மோதி உருண்டது. எல்லோருமாகப் புரட்டி அவரை வெளியே இழுத்தபோது வலது கால் முழங்காலுக்குக் கீழே கூழாகியிருந்தது. வெல்டிங் பிய்ந்து தொங்கியதை நான் பார்த்தேன். பிய்ந்த ஓரத்தில் என்னுடைய சாம்பல் நிறப் பட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்குள் முதலாளி வண்டி மேல் தார்ப்பாயைப் போடச் சொல்லிவிட்டு, "வண்டி மேல ஒரு கொறையும் இல்லீங்க. நீங்க பாக்குறீங்கன்னு வித்தை காட்டி ஸ்டீயரிங்கை ஒடிச்சிட்டான்" என்று பார்ட்டியிடம் சொன்னார். அவர்கள் நம்பினார்கள். ஆர்டரும் வந்தது.

ஆஸ்பத்திரியில் காலை எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்ததும் பாவா கேட்டது, "முதலாளி வண்டியைக் கெடுத்துட்டேனாடா?" என்றுதான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

கொட்டகை கம்பெனி ஆனது. காம்பவுண்டு சுவர், இரும்பு கேட், வேலை நேரத்துக்கு ஊதுகிற சங்கு எல்லாம் வந்தன. அரக்கோணத்திலிருந்து ரயிலில் ஆட்கள் வேலைக்கு வந்தார்கள். நான் பெயிண்ட் பிரிவுக்குத் தலைவன் ஆனேன். பாவாவைக் கேட்டில் வாட்ச்மேனாக உட்கார வைத்தார் முதலாளி. எவ்வளவு பெரிய மனசு என்று ஊரே மெச்சியது, பாவாவும்தான். வெளியே போகிற ஒவ்வொரு புது ஜீப்புக்கும் கட்டையை ஊன்றி எழுந்து நின்று சல்யூட் அடிப்பார். புது டிரைவர்களிடம், "நாலு பேர் பாக்குறாங்கன்னு ஒடிக்காதீங்கப்பா. நான் கெட்டது போதும்" என்பார். வீட்டில் அக்காவும் சும்மா விடுவதில்லை. "அன்னிக்கு ஒழுங்கா ஓட்டியிருந்தா இந்தக் கதி வருமா?" என்று சாப்பாட்டுத் தட்டை வைக்கும்போதே ஆரம்பிப்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

ஆடிக் கிருத்திகைக்கு வருஷம் தவறாமல் ஒற்றைக் காலோடு காவடி எடுத்து மலைப்படி ஏறுவார். தன் கை செய்த தப்புக்கு முருகனிடம் மன்னிப்புக் கேட்க. ஒரு வருஷம் பாதிப் படியில் மூச்சு வாங்க உட்கார்ந்தவரைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"பாவா, அது உங்க கைத் தப்பு இல்ல. வண்டியில விரிசல் இருந்துச்சு. நான்தான் பட்டி போட்டு மூடினேன்" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். கண் கலங்கியது. பிறகு சிரித்தார். "எனக்கோசரம் நீ ஏண்டா பழியை ஏத்துகினு கீறே? என்னைத் தேத்தறதுக்கு முருகன் சன்னிதியில பொய் சொல்லலாமா?" என்று என் தோளைத் தட்டினார்.

கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் பண்ணியிருக்கலாம். பண்ணவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், அவர் நம்பவில்லை என்று தெரிந்த நிமிஷமே எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்குக் காறித் துப்பத் தோன்றுகிறது. வீட்டுக்கு வந்ததும் பாவா அக்காவிடம் இதைச் சொல்ல, அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் தட்டில் இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினாள். அதையும் குடித்தேன்.

பாவா போய் வருஷங்கள் ஆகின்றன. கடைசிவரை தன் கையைத்தான் பழித்துக்கொண்டிருந்தார். என்னைப் போல மச்சான் யாருக்கும் கிடைக்கமாட்டான் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டுப் போனார். அந்த உண்மையைச் சொல்ல எனக்கு இருந்தது ஒரே ஒரு காலைப்பொழுதுதான், அதுவும் அந்த எலுமிச்சம்பழங்கள் நசுங்குகிற வரைக்கும்தான் என்பது எனக்குப் புரிந்தபோது, கேட்டு நம்புவதற்கு அவர் இல்லை.