மலைக்குளிரில் கிளம்பாத டீசல் காரும் ஒளுவுக்கு வைத்த வெந்நீரும்

என் மகளுக்குப் பிரசவ வலி எடுத்த காலையில் என் கார் கிளம்பவில்லை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, திண்டுக்கல் நாகல் நகரில் பாதிப் பேருக்கு இது மனப்பாடம். நான் வாயைத் திறந்ததும் டீ கிளாஸை வைத்துவிட்டு நழுவுகிறவர்களும் உண்டு. நழுவட்டும். ஈமான் கொண்ட என் சகோதர சகோதரிகளே, உங்கள் எல்லோருக்கும் அல்லாஹ்வின் சாந்தி உண்டாகட்டும். நீங்களாவது முழுசாகக் கேளுங்கள்.

எனக்குத் தோல் வியாபாரம். ஒரே மகள் ரிஸ்வானா. அவளைக் கட்டிக்கொடுத்திருப்பது கொடைக்கானலுக்கும் மேலே ஒரு மலைக்கிராமத்தில். மருமகன் சாதிக் அங்கே பூண்டு வியாபாரம் செய்கிறார். தங்கமான பிள்ளை. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே? எட்டாம் மாதம் நடந்தது. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, போன ஜனவரியில் நானும் என் மனைவி மும்தாஜும் மகளைக் கூட்டிவரக் காரில் கிளம்பினோம். கொடைரோட்டைத் தாண்டும் வரைக்கும் வேர்க்கிறது என்று கண்ணாடியை இறக்கிவிட்டு வந்தவள், மலை ஏற ஏறப் போர்வைக்குள் போய்விட்டாள்.

காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபது வருஷத்துக்கு மேல் ஓடிய வெள்ளை டீசல் வண்டி. வீட்டில் எல்லோரும் விற்றுவிடு என்கிறார்கள், நான் காதில் போட்டுக்கொள்வதில்லை. திண்டுக்கல்லில் சாவியைத் தொட்டாலே கிளம்பும். டீசல் இன்ஜினுக்கு, பெட்ரோல் வண்டி போலத் தீப்பொறி கிடையாது. காற்றை அமுக்குகிற சூட்டிலேயே டீசல் எரிய வேண்டும். குளிரில் அந்தச் சூடு பத்தாது என்பதற்காக ஹீட்டர் பிளக் என்று வைத்திருக்கிறார்கள். பல வருஷங்களுக்கு முன்னால் அது கெட்டுப்போனபோது என் மெக்கானிக் முருகேசன், நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு பாய் என்று வயரைக் கழற்றிச் சுருட்டி வைத்துவிட்டான். நானும் நியாயம்தானே என்றேன். எங்கள் ஊரில் பழைய டீசல் வண்டி வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் இதையேதான் செய்திருப்பார்கள். சித்திரை வெயிலில் அடுப்பு மூட்டிக் குளிர் காய்கிறவன் உண்டா?

மலையில் போய் இறங்கிய மறுநாள் காலை. இன்னும் பாங்கு சொல்லவில்லை. ரிஸ்வானா "அம்மா" என்று கூப்பிட்ட குரலிலேயே நானும் எழுந்து ஓடினேன். பனிக்குடம் உடைந்துவிட்டது. ஒரு மாதத்துக்கு மேல் முன்கூட்டியே வலி வந்துவிட்டது. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டோம். வேறு ஊருக்குப் போயிருக்கிறது, திரும்பி வர நேரமாகும் என்றார்கள். அந்த ஊரில் இருந்த ஜீப்புகளெல்லாம் காய்கறி ஏற்றிக்கொண்டு கீழே போய்விட்டன. ஆஸ்பத்திரிக்குப் போக இருந்த ஒரே வண்டி என்னுடையதுதான். நான் மார்தட்டாத குறையாகச் சொன்னேன், "என் வண்டி இருக்கும்மா, பயப்படாத" என்று.

வெளியே வந்தால் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கிறது. கார் கண்ணாடியைச் சுரண்டினால் நகத்தில் ஐஸ் வருகிறது. சாவியைத் திருப்பினேன். இன்ஜின் அரை மனதாகச் சுற்றியது. கிளம்பவில்லை. மறுபடியும் திருப்பினேன். பின்னால் வெள்ளைப் புகை வந்ததே தவிர இன்ஜின் பிடிக்கவில்லை. மூன்றாவது முறை விளக்கு மங்கிவிட்டது. வண்டி நின்ற இடமோ பள்ளம். ரோட்டுக்கு ஏற்றம்தான். தள்ளிக் கிளப்பலாம் என்றால், அக்கம்பக்கத்து ஆட்கள் வந்து தோள் கொடுத்தும் ஏற்றத்தில் நாலு அடிகூட நகரவில்லை. ஒருவர் துணியில் தீ வைத்து இன்ஜினுக்கு அடியில் காட்டலாம் என்றார். டீசல் கசிகிற பழைய வண்டி அது, தீ பற்றினால் மொத்தமும் போய்விடும் என்று தடுத்துவிட்டேன்.

சிக்னல் கிடைக்கிற மதில் மேல் ஏறி நின்று முருகேசனைக் கூப்பிட்டேன். தூக்கத்தில் எடுத்தவன், விஷயம் கேட்டதும் தெளிந்துவிட்டான். புகை வருகிறதா, என்ன நிறம் என்று கேட்டான். வெள்ளை என்றேன்.

"அப்ப டீசல் வந்துக்கிட்டுதான் இருக்கு பாய். எரியத்தான் சூடு இல்ல. ஹீட்டர நாமதான் கழட்டி விட்டுட்டோமே." "பேட்டரிய இதுக்கு மேல அடிக்காதீங்க. இன்னும் ஒரு தடவதான் தாங்கும்."

மதிலிலிருந்து இறங்கி வண்டிக்கு ஓடினேன். உள்ளே மகள் அலறுகிறாள். வண்டி கிளம்ப வேண்டிய ஒரே ஒரு வாய்ப்பு என் கையில். ஸ்பானரைப் பிடித்தால் விரல் மடங்கவில்லை, மரத்துப்போய்க் கிடக்கிறது. பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன். நான் பெற்ற பிள்ளைக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லையே என்று அழுதேன்.

அப்போதுதான் பாங்கு சொன்னது. விடியற்காலை சுபுஹுத் தொழுகை நேரம். மும்தாஜ் வாசலுக்கு வந்து நின்றாள். அவள் முகத்திலும் உயிர் இல்லை. ஆனால் குரல் மட்டும் நடுங்கவில்லை.

"பேட்டரி செத்த நேரம் ஓஞ்சு கிடக்கட்டும். நீங்க போயித் தொழுதுட்டு வாங்க."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பிள்ளை உயிருக்குப் போராடுகிறபோது பேசுகிற பேச்சா என்று வாய்வரை வந்துவிட்டது. அவள் நான் பதில் சொல்லக் காத்திருக்கவில்லை, உள்ளே போய்விட்டாள். முப்பது வருஷமாக அவள் சொன்னதை எதிர்த்து நான் ஜெயித்ததே இல்லை. போனேன்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். குழாய்த் தண்ணீரில் கை வைத்தால் எலும்பு வரைக்கும் ஏறிவிடும் என்பதால், பாங்குக்கு முன்னாலேயே கொல்லையில் விறகு அடுப்பை மூட்டி, தொழுகைக்கு முன்னால் கை கால் கழுவி ஒளு செய்ய அண்டா நிறைய வெந்நீர் போட்டுவிடுவார்கள். சாதிக்கும் அன்றைக்கு வழக்கம்போல எழுந்ததும் மூட்டியிருக்கிறார், வலி வருவதற்கு முன்னால். அந்த வெந்நீரை மொண்டு கை கழுவினேன், முகம் கழுவினேன், கால் கழுவினேன். அவசரத்தில் முசல்லாப் பாயைக் கோணலாக விரித்துத் தொழுதேன். மனது தொழுகையில் நிற்கவில்லை, பொய் சொல்ல மாட்டேன். சஜ்தாவில் நெற்றியை வைத்ததும் உடைந்துவிட்டேன். அழகான துஆவெல்லாம் அப்போது வாயில் வரவில்லை. யா அல்லாஹ், எனக்குத் தெரிந்ததெல்லாம் தீர்ந்துபோச்சு, என் பிள்ளையை நீ பார்த்துக்கொள் என்று மட்டும் கேட்டேன்.

கேட்டு முடிக்கவில்லை. முசல்லாவில் ஊன்றியிருந்த என் விரல்கள் கண்ணில் பட்டன. மடங்குகின்றன. ஸ்பானர் பிடிக்க மறுத்த விரல் மடங்குகிறது. ஒளு செய்த வெந்நீரின் சூடு அது. மரத்த விரலுக்குச் சூடு கொடுக்கத் தெரிந்த எனக்கு, மரத்த இன்ஜினுக்குக் கொடுக்கத் தோன்றவில்லையே. உடம்பெல்லாம் எனக்குச் சிலிர்த்துவிட்டது. இப்போது எழுதும்போதும் சிலிர்க்கிறது.

ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்ததும் ஓடினேன். சாதிக்கைக் கூப்பிட்டு வீட்டிலிருந்த துண்டுகளையெல்லாம் அண்டாவில் முக்கச் சொன்னேன். கொதிக்கிற தண்ணீரை நேரே ஊற்றினால் குளிர்ந்த இரும்பு விரிசல் விட்டுவிடும், அந்த அளவுக்கு எனக்கும் தெரியும். சூடான துண்டுகளை இன்ஜினுக்குக் காற்று போகிற குழாயில் சுற்றினோம், டீசல் பில்டரில் சுற்றினோம். ஆறிப்போனதை எடுத்துவிட்டு வேறு சுற்றினோம். அண்டாத் தண்ணீர் அடியைத் தொடும் வரைக்கும் சுற்றினோம். குழாயைத் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பு ஏறியிருந்தது. பிஸ்மில்லாஹ் சொல்லி உட்கார்ந்தேன். சாதிக் கையைக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்து நின்றார்.

சாவியைத் திருப்பினேன். மெதுவாகச் சுற்றியது. இன்னும் மெதுவானது. அவ்வளவுதான், போச்சு என்று நினைத்த நேரத்தில் ஒரு பக்கம் பிடித்தது, அப்புறம் இன்னொரு பக்கம் பிடித்தது, வண்டி மொத்தமும் குலுங்கி வாசல் முழுக்கப் புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பியது பாருங்கள், அல்லாஹு அக்பர் என்று நான் போட்ட சத்தம் பள்ளிவாசல் வரைக்கும் கேட்டதாம். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வருகிறது. தோள் கொடுத்தவர்கள் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடிக்கிறார்கள்.

ரிஸ்வானாவைப் பின்சீட்டில் படுக்கவைத்து, அவள் தலையை மும்தாஜ் மடியில் தாங்கிக்கொள்ள, அந்த மூடுபனியில் கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். வழியெல்லாம் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கவே எனக்குப் பயம். பரிசோதித்த டாக்டரம்மா ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கவில்லை, உடனே ஆபரேஷன் என்றார். குழந்தை தலைகீழாகத் திரும்பாமல் கால் முன்னால் வந்துகொண்டிருக்கிறது. பிறகு வெளியே வந்து அவர் சொன்னது: "வீட்டுலயே வச்சிருந்தா ரெண்டு பேரும் பிழைச்சிருக்க மாட்டாங்க." அதைச் சொல்லிவிட்டுத்தான் பெண் குழந்தை என்றார். நான் அந்த வராண்டாத் தரையிலேயே சஜ்தாவில் விழுந்தேன்.

இதில் என்ன அற்புதம், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் வண்டி கிளம்பும்தானே என்று என்னிடம் கேட்டவர்கள் இருக்கிறார்கள். கேட்கட்டும். எனக்கு விளங்கியதைச் சொல்கிறேன். என் மகளுக்கு வலி வருவதற்கு முன்பே அந்த அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. நான் என்னவென்று கேட்பேன் என்பது எனக்கே தெரியாதபோது, அல்லாஹ் விறகைப் பற்றவைத்துவிட்டான். தொழப் போகாமல் இருந்திருந்தால் அந்த அண்டாப் பக்கமே நான் போயிருக்க மாட்டேன்.

திண்டுக்கல் வந்ததும் முருகேசன் நாலு ஹீட்டர் பிளக்கையும் புதுசாகப் போட்டு வயரையும் இணைத்துவிட்டான். கதை முழுக்கக் கேட்டுவிட்டு, "உங்க சாமி எனக்கு மேல மெக்கானிக்கா இருக்காரே பாய்" என்றான். ஆமாம்டா என்றேன். வெயில் காலத்திலும் ஹீட்டரைக் கழற்ற விடமாட்டேன் என்று சொல்லிவைத்திருக்கிறேன். பாங்கு சொன்னால் இப்போதெல்லாம் வியாபாரத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்துவிடுகிறேன். பேரம் படிகிற நேரமாக இருந்தாலும் சரி. வந்தவர் முகம் சுளித்தால், உட்காருங்க, வந்து ஒரு கதை சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறேன்.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது கைவசம் இருந்ததெல்லாம் தீர்ந்து நிற்கலாம். இன்னும் ஒரே ஒரு முயற்சிதான் மிச்சம் என்ற நிலையில் இருக்கலாம். அதைச் செலவழிப்பதற்கு முன்னால் அல்லாஹ்விடம் போய்க் கேளுங்கள். வார்த்தை வராவிட்டால் அழுங்கள், அதுவும் அவனுக்குப் புரியும்.

பேத்திக்கு இப்போது பல் முளைக்கிறது. மகளும் அவளும் இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள். தினமும் விடிவதற்கு முன்னால், பள்ளிவாசலில் மைக்கைத் தட்டுவதற்கும் முன்னால், இந்தக் குட்டி கண்ணை விழித்துக்கொண்டு வீடே அதிரக் கத்துகிறாள். ரிஸ்வானா தூக்கச் சடவில் என்னைக் கூப்பிட்டு, "அத்தா, இவள செத்த தூக்குங்க" என்கிறாள். எங்கள் தெருவில் முதலில் விளக்கு எரிகிற வீடு இப்போது எங்களுடையது.